எண்ணூருக்கு இரண்டு சைக்கிள்

நர்சம்மா சுகிர்தம் சைக்கிள் மணியை அடித்தால் ராயபுரத்தில் மூட்டை ஏற்றிய கட்டை வண்டிகூட ஓரம் கட்டும். பிரசவ விடுதியில் கொடுத்த லேடீஸ் சைக்கிள், கேரியரில் கறுப்புப் பெட்டி, வெள்ளைப் புடவை. எந்தத் தெருவில் யாருக்கு இடுப்பு வலி என்றாலும் ஆள் ஓடி வரும். அவள் புறப்பட்டுப் போவாள். "வழி வுடு, வழி வுடு, நர்சம்மா போவுது" என்று மீன்காரிகள் கத்திக்கொண்டே கூடைகளை இழுத்துப் போடுவார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால் கேட்காரனே அவள் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பான். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவதா என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. எப்படித் திறப்பார்கள்? கேட்கிறவன் வீட்டிலும் நாளைக்கு ஒருத்தி வலியில் கத்துவாள்.

அதே சுகிர்தம், அதே சாலையில், கட்டின புருஷனோடு ஒரு நாள் சைக்கிளில் சும்மா போய்வர ஆசைப்பட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அதற்கு அவள் வீடும் சொந்தமும் சேர்ந்து அவளைப் படுத்திய பாட்டை நினைத்தால் வயிறு எரிகிறது.

அவள் புருஷன் தவசிமுத்து திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டினான். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் ராத்திரி ஷிப்டு. இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் சுகிர்தம் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சு முழுக்க மெட்ராஸ். தவசிமுத்து சின்ன வயதில் அண்ணன் ராசையாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரிலிருந்து வந்தவன். பெண்டாட்டியோடு பேசும்போது மெட்ராஸ்காரன், அண்ணன் எதிரே நின்றால் திருநெல்வேலிக்காரன். ராசையாவுக்கு வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மண்டி. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ராசையாவும் அவர் மனைவி செல்லக்கனியும் அவர்களுடைய பிள்ளைகளும். தவசிமுத்துவும் சுகிர்தமும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும். மண்டி வேலைக்கென்று ஊரிலிருந்து வந்தவர்கள். கண் ஆஸ்பத்திரிக்கென்று வந்து மாசக்கணக்கில் தங்கிவிடும் அத்தைமார்கள். ஒருவர் இருமினால் இன்னொருவர் திரும்பிப் படுக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் எல்லோரும் ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் கல்யாணத்துக்கும் இவர்களை விட்டுவிட்டா போவார்கள்?

ஆகவே சுகிர்தமும் தவசிமுத்துவும் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் நடு ரோட்டில்தான். அவன் ராத்திரி ஷிப்டு முடிந்து தெற்கே வந்துகொண்டிருப்பான். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருப்பாள். தண்டையார்பேட்டைப் பக்கம் எங்கேயாவது எதிரெதிரே வருவார்கள். நிற்க நேரம் ஏது? அவன் மணியை இரண்டு தரம் அடிப்பான். அவள் ஒரு தரம் அடிப்பாள். கல்யாணமாகி எட்டு வருஷமாக அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த மணிச்சத்தத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, அவன் மணியடித்துவிட்டுப் போகாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"எங்கமே போற?"

"காலடிப்பேட்ட. தலைச்சன் பிரசவம். நீ வூட்டுக்குப் போய் தூங்குய்யா."

"தூக்கம் கெடக்குது. வா, வுட்டுட்டு வரேன்."

காலடிப்பேட்டை வரைக்கும் பக்கத்துப் பக்கமாக மிதித்தார்கள். வலது பக்கம் கூடவே கடல் வந்தது. அவன் கம்பெனிக் கதை சொன்னான். எட்டு வருஷமாக அவள் வைக்கும் பாகற்காய்க் குழம்பு அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று சொன்னான். "அட பாவி, உனுக்குப் புடிக்கும்னுதானே உங்க அண்ணி என்னிய வைக்கச் சொல்லுது!" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஹேண்டில்பார் ஆடியது. டீக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் விசிலடித்தார்கள். "இன்னா மாமு, ஜோடியா பவனியா?" என்று கத்தினார்கள். தனியாகப் போனால் கும்பிடுகிற அதே வாய்கள்தான். பக்கத்தில் புருஷன் வந்ததும் கும்பிடு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பிரசவ வீட்டு வாசலில் இறங்கியபோது சுகிர்தம் கேட்டாள்: "ஒரு நாளு இப்டியே போய்க்கினே இருக்கலாமா? ரோடு முடியற வரைக்கும்?"

"ரோடு எங்க முடியுது?"

"எண்ணூரு. அதுக்கு அப்பால ஆறு."

அன்றைக்குப் பிறந்த திட்டம் அது. அவர்கள் அதை வளர்த்த விதத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். ரோட்டில் எதிரெதிரே வரும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று ஒரு விஷயம் முடிவு செய்வார்கள். இன்றைக்கு நாள், நாளைக்குச் சாப்பாடு, அதற்கு அடுத்த நாள் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று. ஜனவரி இருபத்தாறு, குடியரசு நாள், கம்பெனிக்கு லீவு. அவளுக்குப் பதிலாக விடுதியில் ஞானம் என்ற நர்ஸ் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். தை மாசத்தில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடும். திருவொற்றியூரில் டீ. எர்ணாவூரில் ஓர் ஓய்வு. சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து பன்னும் அவித்த முட்டையும். ஆற்று முகத்துவாரத்தில் காலை நனைத்துவிட்டுத் திரும்பவேண்டியது.

சைக்கிள்தான் சிக்கல். விடுதி சைக்கிளைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போனால் போலீஸ்காரன் பிடிப்பான். கல்மண்டபம் பக்கத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த ஹபீபுல்லாவிடம் போய் நின்றார்கள். அவர் மனைவி ரோஷனுக்கு மூன்று பிரசவமும் பார்த்தவள் சுகிர்தம்.

விஷயத்தைக் கேட்ட ஹபீபுல்லாவுக்கு இவர்களைவிடச் சந்தோஷம். "புருசனும் பொஞ்சாதியும் சைக்கிள்ல எண்ணூரா! சபாஷ்! நம்ம பேட்டையில எவனுக்கும் தோணலையே!" என்று தொடையில் தட்டினார். கப்பல் ஏறி ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரியின் சைக்கிள் துறைமுகத்துப் பக்கம் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, இதற்காகவே அதை வாங்கிவந்தார். முன்னால் பிரம்புக் கூடை, புடவை மாட்டாமலிருக்கப் பின் சக்கரத்துக்கு வலை. "இது உன் சைக்கிள் நர்சம்மா. வேற எவளுக்கும் வாடகைக்கு வுட மாட்டேன்" என்றார். எங்கே ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்றெல்லாம் தவசிமுத்துவுக்கு வகுப்பே எடுத்தார்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ராசையா காதில் விழுகிற வரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும்போது ராசையா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னலே தவசி, சைக்கிள் கடை பாய்கிட்ட லேடீஸ் சைக்கிள் சொல்லி வச்சிருக்கியாமே? எதுக்கு?"

பதில் சுலபமானது. நானும் அவளும் சும்மா எண்ணூர் வரைக்கும் போகிறோம் அண்ணே. சொல்லியிருந்தால் என்ன, வானம் இடிந்து விழுந்திருக்குமா? ஆனால் அந்த வீட்டில் அதுவரைக்கும் எந்த ஆம்பளையும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெண்டாட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், சாவு வீட்டுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். சும்மா போகமாட்டார்கள். கம்பெனி வாசலில் மேனேஜர் முகத்துக்கு நேரே யூனியன் கொடி பிடித்தவன் தவசிமுத்து. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. பந்தியில் பத்துப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தார்கள்.

"எண்ணூர் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை, அண்ணே," என்றான். "சுகிர்தம் நேந்துக்கிட்டா."

அவள் தலையில் கட்டிவிட்டான்! குழம்புச் சட்டியோடு நின்ற சுகிர்தத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி அவளைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, போன வருசம் தம்பிக்குக் காமாலை வந்து கெடந்தாவள்ல, அப்பம் நேந்திருக்கா! ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்க, மனசுக்குள்ளேயே வச்சிருந்திருக்கா!"

"நேர்ச்சைன்னா ரெண்டு பேரா சைக்கிள்லயா போவாவ?" என்றார் ராசையா. "நம்ம சனத்துல அசனம் வைக்காத நேர்ச்சை உண்டுமா? கெடா நான் வாங்குதேன். ஒருத்தர் விடாம சொல்லிருவோம்."

அசனம் என்றால் நேர்ந்துகொண்டவர்கள் கோயில் வாசலில் ஆக்கிப் போடுகிற கறிச்சோறு. சொந்தம் முழுக்க வந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் நேர்ச்சை செல்லும் என்பது அவர்கள் வழக்கம். நேர்ச்சை என்ற சொல்லைக் கேட்டபின் வராமல் வீட்டில் இருப்பது மாதாவுக்கே மரியாதைக் குறைவு. திருநெல்வேலியிலிருந்து வந்தவனுக்கு இது தெரியாதா? வேறு ஏதாவது பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். மதுவிலக்கு நாளில் கள்ளச் சாராயம் குடிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இத்தனை பேர் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

கொல்லையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் சுகிர்தம் அவனைப் பிடித்தாள்.

"மாதா பேர்ல பொய் சொல்ட்டியேய்யா. அதுவும் எம் மேல போட்டு! நான் போய் உங்க அண்ணன்கிட்ட இல்லேன்னு சொல்லிடறேன்."

"வேணாம்மே, உன் கால்ல வேணா வுழறேன். பொய் நேர்ச்சை சொன்னான்னு தெரிஞ்சா அவரு மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? இந்த ஒரு தபா வுட்டுடு. அடுத்த வருசம் நாம தனியா போலாம்."

அவள் விட்டாள். அவனுக்காகத்தான் விட்டாள்.

ஐம்பத்திரண்டு ஜனவரி இருபத்தாறு. ஹபீபுல்லா விடிந்ததும் சைக்கிளைப் பளபளவென்று துடைத்து, காற்றடித்து, கூடையில் ஒரு முழம் மல்லிகைப் பூவும் வைத்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வாசலில் இரண்டு மாட்டு வண்டி நின்றது. ஒன்றில் அண்டா, குண்டா, விறகு. இன்னொன்றில் பெண்டுகள். அங்கே இடம் போதவில்லை என்று அரிசி மூட்டையைத் தூக்கி வெள்ளைக்காரி சைக்கிளின் கேரியரில் கட்டி, மண்டி ஆளிடம் ஓட்டக் கொடுத்தார்கள். கிடாயைச் சாக்கில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டு, தவசிமுத்துவின் கேரியரில் கட்டினார்கள்.

"நீ வண்டியில ஏறுட்டி. நேர்ச்சைக்காரி சைக்கிள்ல வந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் செல்லக்கனி.

பார்த்துக்கொண்டிருந்த ஹபீபுல்லா கூடையிலிருந்த பூவை எடுத்துச் சுகிர்தத்தின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு எண்ணூர் வரைக்கும் போனாள் சுகிர்தம். பின்னால் புருஷன் மிதித்துக்கொண்டு வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கிடாய் அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தது. கோயிலடியில் வெங்காயம் உரித்தாள், மசாலா அரைத்தாள். நேர்ந்துகொண்டவளே கடைசிப் பந்தி வரைக்கும் தன் கையால் பரிமாற வேண்டும் என்றார்கள், பரிமாறினாள். மிச்சத்தைத் தின்றாள். அண்டாவைத் தேய்த்தாள். ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் தண்ணீர் என்ன நிறம் என்றுகூட அவள் பார்க்கவில்லை. "சுகிர்தம் நேர்ச்சை பிரமாதம்" என்று வாயைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் வண்டி ஏறினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் ராசையாவின் மண்டியில் வியாபாரம் நன்றாக நடந்தது. விட்டாரா மனுஷன்? "மாதா இரக்கம்லே. வருசா வருசம் வைக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஐம்பத்துமூன்றில் வண்டி மூன்றாயிற்று. அதற்கு அடுத்த வருஷம் மாதவரத்திலிருந்தும் யானைக்கவுனியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சுகிர்தம் பெயர் தெரியாதவர்களெல்லாம் சுகிர்தம் அசனத்துக்கு வந்து இரண்டாம் சோறு கேட்டார்கள். நாட்டுக்குக் குடியரசு வந்த நாள் அவளுக்கு மட்டும் அண்டா தேய்க்கிற நாளாக ஆகிப்போனது.

ஹபீபுல்லா மட்டும் ஒவ்வொரு தை மாசமும் அந்தச் சைக்கிளுக்குக் காற்றடித்து எண்ணெய் போட்டு, "இந்த வருசமாச்சும்?" என்று கேட்பார். தவசிமுத்து தலையைச் சொறிவான். "அடுத்த வருசம் சொல்லிடறேன் பாய்" என்பான். அரிசி மூட்டை கேரியரில் ஏறிவிடும்.

நாலாவது வருஷம் சுகிர்தம் மணி அடிப்பதை நிறுத்திவிட்டாள். தண்டையார்பேட்டை ரோட்டில் அவன் எதிரே வருவான், வழக்கம்போல இரண்டு தரம் அடிப்பான். அவள் நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவாள். அவன் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியும். நிற்கட்டும் என்று நினைத்தாள். அண்ணனிடம் சொல்ல வாய் இல்லாதவனுக்கு ரோட்டில் மட்டும் மணி எதற்கு? வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மணி மட்டும் அடிக்கவில்லை. அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவன் ஒருவனுக்குத் தெரிந்தது, அவன் இளைத்துப்போனான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜனவரி இருபத்தாறு காலையில் ராசையா ஒரு கல்லோடு வந்தார்.

கறுப்புக் கல், வழவழவென்று மெருகு போட்டது. நாலு பேர் தூக்கி வந்து வாசலில் சாய்த்து வைத்தார்கள். கோயில் சுவரில் பதிக்கப் போகிறாராம். வாசலில் சொந்தமெல்லாம் கூடி நின்றது. சைக்கிளைக் கொண்டுவந்த ஹபீபுல்லாவும் ஓரமாக நின்றார். அரிசி மூட்டை ஏற்கெனவே அதில் ஏறியிருந்தது. தவசிமுத்துவின் கேரியரில் கிடாய். ராசையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கல்லில் வெட்டியிருந்ததைப் படித்தார்.

"தவசிமுத்துவின் காமாலை குணமானதற்காகச் சுகிர்தம் அம்மாள் நேர்ந்துகொண்ட அசனம்."

எல்லோரும் "ஆகா" என்றார்கள். செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுகிர்தம் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, தன் பேர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவினாள். ஆழமாக வெட்டியிருந்தான். அவள் செத்த பிறகும் அந்தப் பொய் அவள் பேரைச் சுமந்துகொண்டு சுவரில் நிற்கும்.

"அத்தான், இத யாரு எழுதச் சொன்னது?" என்றாள்.

"நாந்தான். ஏம் தாயி, எழுத்துப் பிழை ஏதும் இருக்கா?"

"எழுத்து எல்லாம் சரியா கீது. விஷயம்தான் பொய். காமாலைக்கு நான் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன், ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். நேர்ச்சை ஒண்ணும் நேரல."

"ஏட்டி, என்ன பேசுத?" என்றாள் செல்லக்கனி.

"நெசத்தப் பேசறேன் அக்கா. நான் ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணு. தோ நிக்கறாரே, இவரோட சைக்கிள்ல எண்ணூர் வரைக்கும் சும்மா போவணும்னு. கெடா கேட்டனா? பந்தி கேட்டனா? அஞ்சு வருசமா என் ஆசைய அறுத்துக் கொளம்பு வச்சுத் துன்னீங்களே, பத்தலையா? இப்போ கல்லுல வேற வெட்டிகினு வந்துட்டீங்க. வெட்டறதுன்னா சரியா வெட்டுங்க. சுகிர்தம் புருசனோட சைக்கிள்ல போவ ஆசப்பட்டா, போகவே வுடலன்னு வெட்டுங்க!"

ஓர் அத்தை மோவாயில் கை வைத்தாள். "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு வந்த ஆசையப் பாருங்க!"

"ஏன், புள்ள பெத்தா காலு வெளங்காதா?" என்று திரும்பினாள் சுகிர்தம். "இந்தப் பேட்டையில பாதிப் பேருக்கு நான் பிரசவம் பாத்துகிறேன். ஒருத்திக்கும் காலு போவல!"

ராசையா தம்பியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "தவசி, இவ சொல்லுதது உண்மையாலே?"

தவசிமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அன்றைக்குப் பந்தியில் பார்த்த அதே முகம்.

சுகிர்தம் அதற்குமேல் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. லேடீஸ் சைக்கிளின் கேரியரில் இருந்த கயிற்றை அவிழ்த்து அரிசி மூட்டையைக் கீழே தள்ளினாள். மூட்டை வாய் பிளந்து அரிசி வாசலெல்லாம் கொட்டியது. புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். கூட்டம் விலகி வழி விட்டது.

"ஜல்தி போ, நர்சம்மா!" என்று ஹபீபுல்லா கத்தினார்.

காசிமேட்டைத் தாண்டும்வரை அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அதோடு சண்டை போடுவதுபோல மிதித்தாள். "பிரசவமா நர்சம்மா?" என்று வழியில் யாரோ கேட்டார்கள். "இல்ல" என்று கத்தினாள். தண்டையார்பேட்டை போயிற்று, காலடிப்பேட்டை போயிற்று. தனியாகவே போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் தனியாகப் போவதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தாள்? தனியாகத்தான் தினமும் போகிறாளே.

திருவொற்றியூர் தாண்டியதும் பின்னால் ஓர் ஆடு கத்தியது. கூடவே மணி. இரண்டு தரம்.

அவள் திரும்பவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. அவன் மூச்சு வாங்க மிதித்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தான். சட்டை நனைந்திருந்தது. கேரியரில் கிடாய் சாக்குக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆடு எதுக்கு?"

"அவுக்க மறந்துட்டேன்மே."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லாம ஓடியாந்துட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"நேர்ச்சை கீர்ச்சை எதுவும் இல்லண்ணே, நாந்தான் பொய் சொன்னேன், அவ மேல தப்பு இல்ல, நாங்க சும்மா போறோம்னு சொன்னேன். அவரு அடிக்க வந்தாரு. ஹபீபுல்லா பாய் குறுக்க வுழுந்தாரு."

சுகிர்தம் இன்னும் வேகமாக மிதித்தாள். ஐந்து வருஷம் தூக்கிச் சுமந்ததை ஒரு வார்த்தையில் இறக்கி வைக்க அவள் தயாராக இல்லை. எர்ணாவூர் வந்தது, ஓய்வு எடுக்கலாமா என்று அவன் கேட்டான், அவள் மிதித்தாள். மணல் ஏறிய இடத்தில் இறங்கித் தள்ளினாள். தள்ளிவிட அவன் கை நீட்டியபோது ஹேண்டில்பாரை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கிடாய் மட்டும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது.

ராயபுரத்து வீட்டில் அன்றைக்குக் கறி இல்லாமல் வெறும் பருப்புச் சோறுதான் என்றும், மாதாவுக்கு நேர்ந்த கிடாயைச் சுகிர்தம் களவாண்டு போனாள் என்றும் சொந்தத்தில் வெகுகாலம் பேசினார்கள். அஞ்சு வருஷம் வயிறார உண்ட வாய்கள் பேசாமல் இருக்குமா? கல்லை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. செல்லக்கனி அதைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டுத் துணி துவைத்தாள்.

ரோடு முடிகிற இடத்தில் ஆறு அகலமாகக் கடலில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு படகு. படகுக்காரன் இரண்டு சைக்கிளையும் ஆட்டையும் பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"இன்னா, இந்த வருசம் சீக்கிரமே வந்துட்டீங்க? வண்டியெல்லாம் பின்னால வருதா?" என்றான். "வருசா வருசம் கோயிலாண்ட கறிசோறு போடறவங்கதானே? நேர்ச்சைதானே?"

சுகிர்தம் புருஷன் வாயைப் பார்த்தாள்.

தவசிமுத்து கேரியர் கயிற்றை அவிழ்த்து ஆட்டைக் கீழே இறக்கினான். அது நாலு காலையும் உதறிக்கொண்டு சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓடியது.

"நேர்ச்சை ஒண்ணும் இல்ல நைனா," என்றான். "இது என் பொண்டாட்டி. நாங்க சும்மா வந்துகிறோம்."

"சும்மாவா? ஒரு காரியமும் இல்லாமயா?"

"ஆமா. சும்மா."

படகுக்காரனுக்கு விளங்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, ரோடு இத்தோட முடிஞ்சுது. திரும்பிப் போங்க" என்றான்.

"யாரு திரும்பறது?" என்றாள் சுகிர்தம். "அக்கரையில போனா பாதை கீதா இல்லியா?"

"மணல் பாதை கீது. காட்டுப்பள்ளி வரைக்கும் போவும்."

"அப்போ ரெண்டு சைக்கிளையும் படகுல ஏத்து." பிறகு, வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து முதல் தடவையாகப் புருஷனை நேராகப் பார்த்தாள். "எனுக்கு இன்னும் கோவம் போவலய்யா. எண்ணூரோட போற கோவம் இல்ல இது."

"தெரியும்மே," என்றான் அவன். சைக்கிளைத் தூக்குவதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், மணியை இரண்டு தரம் அடித்தான்.

அவள் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு தரம் அடித்தாள்.